ஏரிக்கரைக்குக் குடிபெயர்தல்: கொடைக்கானலை எண்ணும் சென்னைக் குடும்பங்கள்

கொடைக்கானல் என்ற ஊரே குடும்பங்கள் இடம்பெயர்ந்ததால் உண்டானது. மதுரைச் சீமையில் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். மிச்சமிருப்பவர்களாவது பிழைக்கட்டும் என்று பழனி மலையில் இடம் தேடினார்கள். 1845-இல் முதல் இரண்டு பங்களாக்கள் எழுந்தன. மோட்டார் போகும் மலைப்பாதை அப்போது கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும் ஆள் தூக்கும் நாற்காலியிலும்தான் ஏற வேண்டும். 1863-இல், மதுரைக் கலெக்டராக இருந்த வெரெ ஹென்றி லெவிஞ்ச், மலைகளுக்கு நடுவே சதுப்பாகக் கிடந்த பள்ளத்தாக்கில் ஓடைகளை மறித்துக் கரை கட்டினார். இன்று சுற்றுலா வருபவர்கள் படகு விடும் நட்சத்திர வடிவ ஏரி அப்படி வந்ததுதான். சுற்றி வந்தால் சுமார் 5 கிலோமீட்டர். மிஷனரிப் பிள்ளைகளுக்காக 1901-இல் பள்ளிக்கூடமும் வந்தது. உயிருக்குப் பயந்து ஏறியவர்கள், பிறகு தண்ணீர், கடைசியாகப் பள்ளி என்று ஊரைக் கட்டிக்கொண்டார்கள்.

இந்த வரலாற்றைத் தொடக்கத்திலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. அன்று ஒரு தாய் பிள்ளையைக் காப்பாற்ற மலை ஏறினாள். இன்று கொடைக்கானலில் குடியிருக்கும் தாய், பிள்ளைக்கு உடம்பு மிகவும் முடியாமல் போனால் மலை இறங்குகிறாள். சென்னையை விட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போகலாமா என்று கணக்குப் போடும் குடும்பங்கள், குளிர், வாடகை, இன்டர்நெட் என்று வரிசையாக எழுதுகின்றன. கணக்கைத் தொடங்க வேண்டிய இடமே வேறு என்பது என் கருத்து. வீட்டில் யாருடைய உடம்பும் அன்றாடமும் மற்றவர்களை அதிகம் நம்பியிருக்கின்றனவோ, அவரிடமிருந்து தொடங்க வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகக்கூடியவரின் விருப்பம் கடைசியில் வரட்டும்.

சென்னையை விட்டுப் போக நினைப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. 2015 டிசம்பரில் தரைத்தள வீட்டில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது மெட்ரோ வாட்டர் லாரிக்காகக் குடத்தோடு நின்றவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியதைப் பார்த்தபோது, இது ஒருமுறை நடந்து முடிந்த விபத்து அல்ல என்று புரிந்துகொண்டவர்கள். நடுவில் 2020 வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும், மாதம் முழுக்க ஓ.எம்.ஆரில் வண்டியை உருட்டிக்கொண்டு போன நேரமெல்லாம் வீண் என்று தோன்றியது. பிள்ளை மண்ணில் விளையாட வேண்டும், காற்று நன்றாக இருக்க வேண்டும், ராத்திரி மின்விசிறி இல்லாமல் தூங்க வேண்டும் என்ற ஆசைகள் நியாயமானவை. மே மாதப் பகலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊர் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கும்போது அங்கே போனால் என்ன என்று கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணினி வேலை மலைக்கு வந்துவிடும். ஏரியைச் சுற்றியும் நாயுடுபுரம், ஆனந்தகிரிப் பக்கமும் கேபிள் இணைப்பு கிடைக்கும். காற்றும் மழையும் வலுத்து மரம் விழுந்து மின்சாரம் போனால் இணைப்பும் போகும், செல்போன் டவரும் சில மணி நேரத்தில் படுத்துவிடும். இன்வெர்ட்டரும் இரண்டு வேறு நிறுவனங்களின் சிம்மும் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள். கணவனின் வேலை கம்பி வழியாக மலை ஏறுகிறது. மனைவி ஆசிரியராகவோ, நர்ஸாகவோ, வங்கி ஊழியராகவோ இருந்தால் அவருடைய வேலை ஏறாது. சுற்றுலாவும் விவசாயமும் சில பள்ளிகளும்தான் இந்த ஊரின் பிழைப்பு. இடமாற்றம் கிடைக்கும்வரை பார்க்கலாம் என்று தொடங்கி, அவர் ராஜினாமா எழுதிக் கொடுப்பதில்தான் முடிகிறது. ஒருவருடைய நிம்மதிக்கு இன்னொருவருடைய பதினைந்து வருட அனுபவம் விலையாகப் போகிறதா என்பதை வெளிப்படையாகப் பேசாமல் லாரி பிடித்த குடும்பங்களில்தான் பின்னால் கசப்பு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வீட்டுக்குள் வருவோம். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சென்னையில் மூன்று விசிலுக்கு வெந்த பருப்பு அங்கே வேகாது. தேங்காயெண்ணெய் வருடம் முழுக்க உறைந்தே இருக்கும். இட்லிமாவு பெரிய விஷயம். அரைத்து வைத்தால் மறுநாள் காலையில் வைத்தபடியே கிடக்கும். அடுப்பு மேடைக்கருகே கம்பளி சுற்றி வைத்து, மாவு ஒருவழியாகப் பொங்கிவர இரண்டாம் நாள் ஆகிவிடும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே நடமாடும். துணி நாலைந்து நாள் கொடியில் கிடந்தும் ஈரம் போகாது. பள்ளிச் சீருடையை இஸ்திரிப்பெட்டியால்தான் காயவைக்க வேண்டும். உப்பு ஜாடியில் நீர் விடும். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் அதன் முதுகில் பச்சையாகப் பூஞ்சை படரும். தோல்பை, செருப்பு, கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் தலைமாட்டில் அந்தச் சுவர் இருந்தால் சென்னையின் புகையே தேவலை என்று ஆகிவிடும். நல்ல காற்றுக்காக வருபவர்கள் பலரும் எதிர்பார்க்காத விஷயம் இது: வெளிக்காற்று சுத்தம், வீட்டுக்குள் ஈரம். வெயில் படும் பக்கம் பார்த்த வீடு, மேல்சரிவிலிருந்து மழைநீர் கசியாத பின்சுவர், இந்த இரண்டும் ஏரி தெரிகிற பால்கனியைவிட ஆயிரம் மடங்கு முக்கியம். ஏரிக்கு மிக அருகே பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் தேங்கி நிற்கும், சில விடியல்களில் புல்லில் உறைபனியும் படியும். சரிவில் கொஞ்சம் மேலே இருக்கும் வீட்டில் அவ்வளவு இராது.

இந்த வேலைகளெல்லாம் யார் தலையில் விழுகின்றன? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில். குளிருக்குப் போய்விடலாம் என்று முடிவெடுக்கும்போது மாவு யார் புளிக்கவைப்பது, துணி யார் காயவைப்பது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். கூடவே வெந்நீருக்கும் ஹீட்டருக்கும் ஆகும் மின்கட்டணத்தையும் கேட்க வேண்டும். சென்னையில் ஏசிக்குக் கட்டியது மிச்சம் என்று நினைப்பவர்களுக்கு அந்த மிச்சத்தில் பாதி இங்கே கரைந்துவிடும்.

வீடு கிடைப்பதே அவ்வளவு எளிதல்ல. நாள் வாடகைக்குச் சுற்றுலாப் பயணிகள் வரும் ஊரில், மாத வாடகைக்கு விட எத்தனை பேருக்கு மனம் வரும்? பதினொரு மாத ஒப்பந்தம் போட்டுவிட்டு, “ஏப்ரல், மே மட்டும் காலி பண்ணிக் குடுத்துருங்க, சீசன் முடிஞ்சதும் திரும்ப வந்துக்கலாம்” என்று கேட்கும் உரிமையாளர்கள் உண்டு. மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் ஒத்தி முறை தென்மாவட்டங்களைப் போல இங்கேயும் இருக்கிறது. வட்டி தெரிந்தவர்கள் அதை நாடுகிறார்கள். ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் முடித்துக்கொள்வது பணத்துக்கு ஆபத்து.

இடம் வாங்கிக் கட்டலாம் என்றால் அது தனி உலகம். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வரும் கிராமங்களில், உள்ளூர்க்காரர்கள் ‘ஹாக்கா’ என்று சுருக்கிச் சொல்லும் அந்த அனுமதி தனியாக வேண்டும். நகருக்கு 1993-இல் வந்த மாஸ்டர் பிளான் இருக்கிறது. அதை மீறி எழுந்த கட்டடங்கள் மீது வழக்குகள் நடந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுப்படி பல விடுதிகளுக்குச் சீல் வைத்ததைப் பார்த்திருக்கிறோம். பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு ஒரு பலமாடிக் கட்டடத்தின் அனுமதியில் தொடங்கி மாநில அரசியலையே ஆட்டியது. 2013-இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் காட்டின் எல்லை பக்கத்தில்தான். மண்ணள்ளும் இயந்திரம் ஓட்டவும் ஆழ்துளைக் கிணறு போடவும் கட்டுப்பாடுகள் உண்டு. ‘வியூ பாயிண்ட் பிளாட்’ என்று விளம்பரத்தில் வருவது பல சமயம் சரிவை வெட்டிய விவசாய நிலம். வழி யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வரும், வரைபட அனுமதி கிடைக்குமா என்ற மூன்று கேள்விக்கும் புரோக்கர் ஒரே பதில் வைத்திருப்பார்: “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்.”

தண்ணீர் விஷயம் வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் புரிவதில்லை. இவ்வளவு மழை பெய்யும் ஊரில், கண்முன்னே ஏரி கிடக்கும் ஊரில், தண்ணீருக்குப் பஞ்சமா என்று கேட்பார்கள். ஊருக்குக் குடிநீர் தருவது மேட்டில் உள்ள நீர்த்தேக்கங்கள். கோடையில் அவை இறங்கும்போதுதான் சுற்றுலாக் கூட்டம் ஏறுகிறது. குழாயில் சில நாளுக்கொருமுறைதான் தண்ணீர் வரும், லாரித் தண்ணீர் விலை கூடும். இதற்குப் பின்னால் பழைய தவறு இருக்கிறது. பழனி மலையின் உச்சிப் பரப்பு புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி அமைந்தது. மழைநீரைப் புல்வெளி குடித்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடும். அந்தப் புல்வெளிகளில் வெள்ளையர் காலத்திலிருந்து சுதந்திரத்துக்குப் பின்னும் சீகை, யூகலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டுத் தள்ளினார்கள். பைன் காட்டுக்குள் போட்டோ எடுத்துக்கொள்பவர்களுக்கு அது அழகான காடு. ஓடை வற்றியதைப் பார்த்த உள்ளூர்ப் பெரியவர்களுக்கு அது இழந்த புல்வெளி. 1985-இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு போன்றவர்கள் அன்றிலிருந்தே இதைச் சொல்லி வருகிறார்கள். பிப்ரவரி தொடங்கி மழை வரும்வரை காட்டுத்தீயும் உண்டு. 2024 கோடையில் மேல்மலைப் பக்கம் நாள்கணக்கில் எரிந்தது.

ஏரியைப் பற்றியும் தெரிந்துகொண்டே போக வேண்டும். 1980-களில் இங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் பழைய இரும்புக் கடை வரை போய்க் கிடந்தது 2001-இல் வெளியே தெரிந்து, ஊர் மக்கள் போராடி, இந்துஸ்தான் லீவர் நிறுவனம் அந்தத் தொழிற்சாலையை மூடியது. 2016-இல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. மத்திய அரசின் அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஏரியின் நீரிலும் அடிமண்ணிலும் மீனிலும் பாதரசம் இருப்பது பதிவானது. ஏரிக்கரையில் நடப்பதற்கோ படகு விடுவதற்கோ இதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளோடு வந்து தங்கப் போகிறவர்கள் ஏரி மீனை வாங்கிச் சமைக்குமுன் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்துச் சிறுநீரகமும் நரம்பும் கெட்டதாகச் சொல்லும் குடும்பங்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கின்றன.

இனி நான் முதலில் எழுதச் சொன்ன கணக்குக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி.

கொடைக்கானலில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பழைய மிஷன் மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சல், தையல் போடுவது, சாதாரணப் பிரசவம், சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றுக்கெல்லாம் கீழே போகத் தேவையில்லை. அதற்குமேல் போனால், “ரெஃபர் பண்ணிட்டாங்க” என்ற வார்த்தை வரும். ரெஃபர் என்றால் மலை இறங்குவது. வத்தலக்குண்டுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், வளைவு வளைவாக. அங்கிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது 2022-இல் தொடங்கிய திண்டுக்கல் மருத்துவக் கல்லூரி, அல்லது மதுரை. மதுரை சுமார் 120 கிலோமீட்டர். வழி தெளிவாக இருந்தால் மூன்றரை மணி நேரம். சீசன் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து பெருமாள்மலை வரை வண்டிகள் அசையாமல் நிற்கும்போது, 108-இன் சைரனுக்கு வழிவிட நினைத்தாலும் ஒதுங்க இடம் இருக்காது. ஒருபக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமுன் தலையை ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அறிகுறியை உணர ஆகும் நேரம், வண்டி வர ஆகும் நேரம், மதுரை போய்ச்சேர ஆகும் மூன்றரை மணி நேரம், ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் எதுவும் இருக்காது. மாரடைப்பிலும் எவ்வளவு தாமதமோ அவ்வளவு ஆபத்து. சென்னை அண்ணா நகரிலோ தாம்பரத்திலோ இருபது நிமிடத்தில் இதய மருத்துவமனை இருக்கும் வீட்டிலிருந்து, எழுபத்தைந்து வயது அப்பாவை, ஸ்டென்ட் வைத்த அப்பாவை, “அங்க காத்து நல்லா இருக்கும்பா” என்று அழைத்துப்போவது எனக்குச் சம்மதமில்லை. எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் மனம் ஒப்பவில்லை. குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவதால் ரத்த அழுத்தம் கூடும் என்பதும், முழங்கால் தேய்ந்தவர்கள் மேடும் பள்ளமுமான தெருக்களில் கடைக்குக்கூட இறங்க முடியாமல் வீட்டுக்குள் அடைபடுவதும் இதோடு சேரும். வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர், கீமோ எடுத்துக்கொள்பவர், வலிப்பு உள்ள பிள்ளை, சிக்கலான கர்ப்பம் இருக்கும் வீட்டில், சிகிச்சை எங்கே, எந்த நாளில், எந்த வண்டியில் என்று எழுதி வைக்காமல் ஏரி, காற்று என்று பேசுவதற்கு இடமே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நாயுடுபுரத்தில் நன்றாகவே இருந்தது. அம்மாவுக்கு மூச்சுக்கோளாறு. மழை நாளில் வத்தலக்குண்டு ரோட்டில் மரம் சாய்ந்து போக்குவரத்து நின்ற இரவில், அவரைப் பழனிப் பாதை வழியாக இறக்கினார்கள். அம்மா பிழைத்துவிட்டார். அடுத்த பள்ளி விடுமுறையில் அவர்கள் திண்டுக்கல்லில் வீடு பார்த்துக்கொண்டார்கள். “கொடைக்கானல் எங்களை ஒண்ணும் செய்யல, அந்த ரோடு ஞாபகந்தான் தூங்க விடல” என்று அந்த மருமகள் சொன்னார். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலைமேல் கடந்தபோதும் மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டு, ஊர் இருட்டில் கிடந்தது. அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் நோயாளி இருக்கும் வீடு அந்த ஒரு இரவை நினைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பள்ளி விஷயத்தில் நிலைமை கலவையானது. கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி இந்தியாவில் ஐ.பி. பாடத்திட்டத்தை முதலில் கொண்டுவந்த பள்ளி. அதன் கட்டணம் பெரும்பாலான சென்னை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாது. கான்வென்ட்களும் சி.பி.எஸ்.இ. பள்ளியும் அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. சிறுபிள்ளைகளுக்கு இந்த ஊர் வரம் என்றே சொல்வேன். பூச்சியும் பறவையும் மழையும் பாடமாகும். வானாராய்ச்சி நிலையத்தில் 1901 முதல் சூரியனை ஆராய்ந்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். ஒரு சனிக்கிழமை நடந்து போய்ப் பிள்ளைக்கு அதைக் காட்டலாம். 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி 2030-இல் மறுபடி பூக்கும்போது இங்கே குடியிருக்கும் பிள்ளை, கூட்டத்தோடு வந்து பார்க்கும் பிள்ளையைவிட எத்தனையோ கொடுத்துவைத்தது.

பிள்ளை பெரிதாகும்போதுதான் சிக்கல். பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு தேர்வு, நீட் வகுப்பு, கிரிக்கெட் கோச்சிங், வீணை வாத்தியார் என்று தேடத் தொடங்கினால் ஊர் சிறியது என்பது தெரியும். 2011 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 36,501. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நண்பர்களே உலகம். அந்த உலகத்திலிருந்து பிடுங்கி ஏரிக்கரையில் உட்காரவைத்தால் அது ஏரியைப் பார்க்காது, போனைத்தான் பார்க்கும். பல உள்ளூர்க் குடும்பங்களே பிள்ளைகளின் மேல்படிப்புக்காகத் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் வீடெடுத்துத் தங்குகின்றன. நாம் ஏறும் வழியில் அவர்கள் இறங்குகிறார்கள். ஏன் இறங்குகிறார்கள் என்று அவர்களிடம் பேசிப் பார்ப்பது, யூடியூபில் நூறு ‘மலை வாழ்க்கை’ வீடியோ பார்ப்பதைவிட மேல்.

சுற்றுலாக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் ஓடியபோது, அதில் வரும் குணா குகைக்கு வந்த கூட்டம் ஊரையே திணறடித்தது. அந்த ஆண்டு மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து சீசனில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பு வைத்தார்கள். உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. சென்னையிலிருந்து வரும் சித்தப்பாவின் காருக்குப் பாஸ் எடுக்க வேண்டும். இதைத் தொந்தரவு என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மலை தாங்கும் அளவைக் கணக்குப் போடுவது இருபது வருடத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்பேன். குடியிருக்கப் போகிறவருக்கு இது நன்மை. சீசன் தவிர்த்த நாட்களில், ஜூலையிலோ செப்டம்பரிலோ, காலை ஆறரை மணிக்கு லேக் ரோட்டில் நடந்து போனால், குதிரைக்காரர்கள் குதிரைக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பார்கள், நீரின்மேல் பனி நகர்ந்துகொண்டிருக்கும், யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மேல்மலையிலிருந்து வந்த கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு எல்லாம் மண் வாசனையோடு கிடைக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூண்டை விற்கும் அம்மாவிடம் எந்த ஊரில் விளைந்தது என்று கேட்டால், பூம்பாறை என்பார், மன்னவனூர் என்பார், பெருமையாகவே சொல்வார். வாசலில் காட்டுமாடு வந்து நின்றால் கதவைச் சாத்திக்கொண்டு அது போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். செல்ஃபி எடுக்கக் கிட்டே போனவர்களை முட்டியிருக்கிறது. இந்த அன்றாடத்தில் பெரிய மகிழ்ச்சி இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாம் போவதால் ஊருக்கு என்ன ஆகிறது? ஏரியில் நிரம்பி வழியும் நீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது, பிறகு கீழ்நாட்டுக்குப் போகிறது. பெரும்பாலான வீடுகளில் செப்டிக் டேங்க்தான். சரிவில் கட்டிய வீட்டின் டேங்க் சரியில்லை என்றால், அது நிரம்பி இறங்குமிடம் யாரோ குடிக்கும் ஓடை. வெளியூர்ப் பணம் வந்து நிலத்தின் விலையை ஏற்றியபின், விடுதியில் பாத்திரம் கழுவும் பெண்ணும் குதிரை ஓட்டுபவரும் ஊருக்குள் வாடகை கட்ட முடியாமல் பெருமாள்மலைக்கும் அதற்கு அப்பாலும் தள்ளப்படுகிறார்கள். வருடத்தில் பத்து நாள் வந்து போவதற்காக வீடு கட்டிப் பூட்டி வைப்பவரைவிட, பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்து, நகராட்சியில் வரி கட்டி, வாக்காளர் பட்டியலை மாற்றிக்கொண்டு, தண்ணீர் வராத நாளில் கவுன்சிலர் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தாரோடு போய் நிற்பவர் ஊருக்கு வேண்டியவர். சென்னையில் ஒரு கால், இங்கே ஒரு கால் என்று வைத்திருப்பவர்களை ஊரும் விருந்தாளியாகவே நடத்தும். மழைக்கால இரவில் ஜீப் தேவைப்படும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

ஆக, யார் போகலாம்? பிள்ளைகள் ஐந்திலிருந்து பத்து வயதுக்குள், இருவரில் ஒருவருடைய வேலையாவது முழுக்க வீட்டிலிருந்தே செய்யக்கூடியது, மற்றவர் தன் வேலையை விட்டுவிட்டு வருவதாக மனதாரச் சொன்னவர் அல்லது இங்கேயே கற்பிக்கவோ தொழில் செய்யவோ வழி உள்ளவர், உடம்பு திடமான குடும்பம் என்றால் தயங்காமல் போகச் சொல்வேன். அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டி இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருந்தால், அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதற்குப் பதில், அவர்களுக்காக மலை இறங்கத் தேவையில்லாத இடத்தில் வீடு பாருங்கள் என்பேன். மலைக்காற்று பிடித்தவர்களுக்கு வத்தலக்குண்டும் பெரியகுளமும் அடிவாரத்திலேயே இருக்கின்றன. தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் அங்கிருந்து போகும் சாலை மலைப்பாதை அல்ல. நினைத்த ஞாயிற்றுக்கிழமை ஏரியைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் இறங்கிவிடலாம். பிள்ளை ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியிருந்தால் அது பிளஸ் டூ முடிக்கும்வரை பொறுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

போவது என்று முடிவானால் வாடகைக்கு ஜூனில் போங்கள், பள்ளியும் அப்போதுதான் திறக்கும். சென்னை வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். வடகிழக்குப் பருவமழை முழுவதையும், தண்ணீர் குறையும் ஏப்ரலையும், வண்டி நகராத மே மாதத்தையும் அங்கேயே இருந்து பாருங்கள். நடுவில் ஒருநாள், யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே, ராத்திரி பத்து மணிக்கு மதுரை ஆஸ்பத்திரி வாசல்வரை ஒருமுறை ஓட்டிப் போய்த் திரும்புங்கள். எந்த டிரைவர் இரவில் போன் எடுப்பார், எந்த மருந்துக்கடை திறந்திருக்கும், டம் டம் பாறைக்குக் கீழே எங்கே சிக்னல் போகும் என்பதெல்லாம் அப்போது கைக்கு வந்துவிடும். திரும்பி வந்தபின் வீட்டில் உள்ள வயதானவரையும் சின்னப் பிள்ளையையும் மனைவியையும் தனித்தனியாகக் கேளுங்கள். இருக்கலாம் என்று மூவரும் சொன்னால், தாலுகா அலுவலகத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் வன எல்லையையும் பார்க்கத் தொடங்கலாம்.